சாட்சித் திட்டு

பத்து நாள் தொல்லியலாளர் என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். கொஞ்சம் அதிர்ஷ்டக் கட்டை என்றால் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். அசல் தொல்லியலாளரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் முப்பது வருடம் வெயிலில் குந்தி உட்கார்ந்து மண்ணைச் சுரண்டியவர். நீங்கள் ஏதாவது கேட்டால், "இன்னும் சரியாத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நம்மவர் எங்கோ நடந்த ஓர் அகழ்வுக்குத் தன்னார்வலராகப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவர். அதில் ஆறு நாள் மழை. மீதி நான்கில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு. ஆனால் அவரைக் கேட்டுப் பாருங்கள், "சந்தேகமே இல்லை" என்றுதான் வாயைத் திறப்பார்.

கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்த்து சௌக்கியமா என்று கேட்க மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். நீங்கள் செருப்பைத் தேடுகிறார் என்று நினைப்பீர்கள். அதுதான் மேற்பரப்பாய்வு. தோண்டுவதற்கு முன்னால் மேலே என்னென்ன கிடக்கிறது என்று நடந்து பார்ப்பது. பிறகு மூலையில் குவிந்திருக்கும் பழைய பேப்பர் கட்டின் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, "கீழ இருக்கிறது பழசு, மேல இருக்கிறது புதுசு. இதுக்குப் பேரு மண்ணடுக்கு" என்பார். இது உங்கள் வீட்டுப் பழைய பேப்பர் வாங்குகிறவருக்கே தெரியுமே என்கிறீர்களா? தெரியும். ஆனால் அவரிடம் சான்றிதழ் இல்லையே!

இந்த இனத்தார் வீட்டில் ஒரு பொருளை நகர்த்திவிட முடியாது. "எடுக்காதே! ஒரு பொருள் கிடந்த இடத்துலயே கிடந்தாத்தான் அதுக்கு வாய் இருக்கும். எடுத்துட்டா ஊமையாயிடும்" என்று பதறுவார். அதனால் அவருடைய ஈரத் துண்டு மூன்று நாளாகக் கட்டில்மேல் கிடந்து பேசிக்கொண்டே இருக்கும். என்னவென்று விளங்காத பொருள் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே விடைதான்: சடங்குப் பொருள். ஒருமுறை நண்பர் வீட்டுச் சமையலறையில் அவித்த முட்டையை வில்லை வில்லையாக நறுக்கும் கம்பிச் சட்டத்தை எடுத்து, ஒரு கம்பியை விரலால் மீட்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஏதோ சடங்குல வாசிச்சிருக்காங்க, சந்தேகமே இல்லை" என்றாராம். நண்பரின் மனைவி அன்று முட்டைக் குழம்பு வைப்பதாக இருந்தவர், ரசத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இப்படி ஒரு மாதிரியைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் ஒரு பிளம்பருக்குக் கிடைத்தது. மாதிரி வேறு யாருமில்லை, அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான்.

அத்தானுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸ் துடைக்கும் சின்னத் தூரிகை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நாலு வருடத்துக்கு முன் அந்தப் பத்து நாள் முடித்துத் திரும்பியபோது தலையில் அகல விளிம்புத் தொப்பி, கையில் மண் சீவும் ஒரு சிறு கரணை, சுருட்டிய சான்றிதழ். சான்றிதழ் கூடத்தில் தொங்குகிறது. அவர் சிரிக்கும்போதும் உதட்டைப் பிரிக்க மாட்டார். மூக்கு விடைக்கும், தோள் குலுங்கும், வாய் மட்டும் மூடியே இருக்கும். படித்த மனிதர்களுடைய அடக்கம் என்று பிளம்பர் நெடுநாளாக நினைத்து மரியாதை வைத்திருந்தான்.

அக்கா பல் டாக்டர். பன்னிரண்டு வருடம் இன்னொருவருடைய கிளினிக்கில் நின்றபடியே வேலை பார்த்தவள். "ஊர்ல பாதிப் பேர் வாயை நான் பார்த்தாச்சு. இந்த மனுஷன் வாயை மட்டும் பார்த்ததில்லை. நாற்காலியில உட்காருங்கன்னா கடையில ஆளில்லைன்னு ஓடுறார்" என்று அடிக்கடி சொல்வாள். இப்போது வீட்டின் முன் அறையிலேயே சொந்தமாகக் கிளினிக் திறக்கப்போகிறாள். நாற்காலி வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது, பெயர்ப் பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் பின்பக்கத்தில் மண்ணுக்கடியில் குழாய் விரிசல் விட்டது. முன் அறை வாஷ்பேசினைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

காலை எட்டு மணிக்கு அக்கா போன் பண்ணினாள். எட்டரைக்குப் பிளம்பர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து நின்றான். அந்தக் குழாயைப் பதினோரு வருடத்துக்கு முன் பதித்தவனே அவன்தான். சமையலறைச் சுவரிலிருந்து தொட்டிவரை பன்னிரண்டு அடி, ஆழம் இரண்டரை அடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவான்.

அக்கா அவனைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள்.

"டேய், தட்டு எங்க கிடக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"எந்தத் தட்டு?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

பதினோரு வருடத்துக்கு முன், குழாய் நுழைக்கச் சமையலறைச் சுவரில் துளை போட்டபோது, அந்தச் சுவரிலிருந்த அலமாரி ஆடியது. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அக்காவின் மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டுகள், நீலக் கரையும் நடுவில் ஒரு ரோஜாவும் போட்ட இருபத்து நான்கு பீங்கான் தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்கா ஒரு நிமிடம்தான் யோசித்தாள். "குழாய் மேல போட்டு மூடுடா" என்றாள். அத்தானிடம், கூட வேலை பார்க்கும் நர்ஸ் விருந்துக்கு இரவல் வாங்கிப் போனதாகவும் திருப்பித் தரவில்லை என்றும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாமியார் எப்போது போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "அந்த நர்ஸ் தட்டைக் கொடுத்தாளா?" என்பதுதான். அந்த நர்ஸைத் தெருவில் பார்த்தால் அத்தான் ரொம்ப நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாவம், அவளுக்குக் காரணமே தெரியாது.

"இன்னிக்குத் தண்ணி வந்தாகணும். ஆனா தட்டு வெளிய வரக் கூடாது" என்றாள் அக்கா.

"தோண்டினா வராம எப்படிக்கா?"

"அவர் கடைக்குப் போனப்புறம் தோண்டு."

அத்தான் கடைக்குப் போகவில்லை. தொப்பியோடு வந்தார். கையில் கரணை, நூல்கண்டு, நான்கு முளைக்குச்சி, தூரிகை, ஒரு வாளி, ஒரு சல்லடை. கடையை அன்று திறக்கவில்லையாம். "என் வீட்டுக் கொல்லையில அகழ்வு நடக்குது, நான் இல்லாமலா?" என்றார்.

"அகழ்வு இல்லை அத்தான், குழாய் ரிப்பேர்."

"மண்ணைத் தொட்டாலே அகழ்வுதான் மாப்ளே. சும்மா கடப்பாரையைப் போட்டுப் பொளந்தா மண்ணு சொல்ற கதையெல்லாம் செத்துப்போயிடும்."

நூல் கட்டினார். நான்கு கட்டங்கள். ஒன்று, இரண்டு என்று அட்டையில் எழுதிக் குச்சியில் குத்தினார். இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு பட்டையைத் தொடாமல் விட்டு, அதன் இருபுறமும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

"இது எதுக்கு?"

"சாட்சித் திட்டு. எல்லாத்தையும் தோண்டித் தள்ளிட்டா, எந்த அடுக்கு எங்க இருந்ததுன்னு நாளைக்கு எவனாவது கேட்டா எதைக் காட்டுறது? அதனால ஒரு பட்டையைத் தோண்டாம நிறுத்தி வைக்கணும். இதுல மட்டும் உன் கடப்பாரை படக் கூடாது. சத்தியம் பண்ணு."

பிளம்பர் சத்தியம் பண்ணவில்லை. வால்வை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து அங்கங்கே கேட்டான். கசியும் இடத்தில் கம்பி சீறும். பதினைந்து வருடத் தொழில் அனுபவம். முதல் கட்டத்தில் சத்தமில்லை. நான்காவதில் இல்லை. சாட்சித் திட்டில் ஊன்றியதும் பாம்பு போலச் சீறியது.

"இங்கதான் அத்தான் ஓட்டை."

"இருக்காது" என்றார் அத்தான். குனிந்தும் பார்க்கவில்லை, கேட்டும் பார்க்கவில்லை. "முதல் கட்டத்துல ஆரம்பி. முறைன்னு ஒண்ணு இருக்கு."

முறையோடு தோண்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் புண்ணியம் செய்தவர். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகவேண்டிய பிளம்பர், கொழகொழ என்றிருந்த சேற்றில் முட்டி போட்டு, கரணையால் அரை அங்குலம் அரை அங்குலமாகச் சீவி, சீவியதை வாளியில் போட்டு, வாளியைச் சல்லடையில் கொட்டி, சல்லடையில் சேறு அப்பிக்கொள்ள, அதைத் தூரிகையால் தட்டி, தட்டிய சேறு முகத்தில் தெறிக்க, துடைத்துக்கொள்ளக் கை உயர்த்தும்போதெல்லாம் "அசையாதே, அளவெடுக்கிறேன்" என்று அதட்டல் கேட்டு, பதினொரு மணிக்கு ஒரு சாண் இறங்கியிருந்தான். கிடைத்தது ஒரு பாட்டில் மூடி. அத்தான் அதற்கும் ஓர் எண் கொடுத்தார்.

முதல் கட்டத்தின் ஓரத்தில், துணி உலர்த்தும் கம்பம் முன்பு நட்டிருந்த இடம் வட்டமாகத் தெரிந்தது. சுற்றிலும் செம்மண், நடுவில் மட்டும் கறுப்பு. அத்தானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"பாரு மாப்ளே. இந்தக் குழி, செம்மண் அடுக்கை வெட்டிக்கிட்டு இறங்குது. அப்ப எது முந்தி, எது பிந்தி?"

"தெரியலையே."

"அடுக்கு முந்தி. குழி பிந்தி. இல்லாத அடுக்கை எவனாலும் வெட்ட முடியாதில்ல? எந்தக் குழியும் தான் வெட்டின அடுக்கைவிட வயசுல சின்னது. இது ஒண்ணு தெரிஞ்சா போதும், தொல்லியல்ல பாதி தெரிஞ்ச மாதிரி."

பிளம்பர் தலையாட்டினான். அவனுடைய கவலை இரண்டாவது கட்டத்தில் இருந்தது.

இரண்டாவது கட்டத்தில் ஒன்றரை அடி இறங்கியதும் கரணையில் 'ணங்' என்றது. பிளம்பர் இருமினான். அந்த இருமலில் ஒரு 'ணங்'கை மறைக்கலாம். இருபத்து நான்கு தட்டை எப்படி மறைப்பது? நீலக் கரை வந்தது. ரோஜா இதழ் வந்தது. அத்தான் ஒவ்வொன்றாகத் தூரிகையால் துடைத்து, அக்காவின் புதுக் கிளினிக்குக்கு வாங்கி வைத்திருந்த டூத் பிரஷ் ஒன்றைப் பிரித்துத் தேய்த்து, வாழைநாரில் பூ வைப்பதுபோலப் பதமாகச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். வாசற்படியில் நின்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது.

"எத்தனை வருஷம் இருக்கும்ங்க?" என்று கேட்டாள். குரல் கீச்சென்று வந்தது.

அத்தான் ஒரு துண்டைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். இந்தத் தட்டுகளில் இரண்டு வருடம் மூன்று வேளையும் சாப்பிட்ட மனிதர். பிளம்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அத்தான் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார், ஒரு கணம் அவனைப் பார்த்தார்.

"சொல்ல முடியாது. ஆனா எல்லாம் ஒரே நேரத்துல உடைஞ்சிருக்கு. வேணும்னே உடைச்சுப் புதைச்சிருக்காங்க. ஏதோ கோபக்கார தெய்வத்துக்குப் பயந்து செஞ்ச சடங்கு. சந்தேகமே இல்லை."

அக்கா டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிளம்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து நாள் படிப்பின்மேல் அவனுக்கு முதல்முறையாக மரியாதை பிறந்தது.

மூன்று மணி. மூன்றாவது கட்டமும் நான்காவதும் முடிந்துவிட்டன. நான்கு குழியிலும் குழாய் தெரிந்தது, நான்கிலும் விரிசல் இல்லை. மிச்சம் அந்தத் திட்டு மட்டும்தான்.

"அத்தான், இதை எடுத்தாகணும்."

"வேற வழி பாரு. இந்தப் பக்கத்திலிருந்து கையை விட்டு ஒட்டேன்."

"பார்க்காம எப்படி ஒட்டுறது?"

"அப்ப புதுக் குழாயைச் சுத்தி வளைச்சுக் கொண்டு போ."

"அதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். காலையில பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்."

"வரட்டும். சாட்சித் திட்டைத் தொட முடியாது." அத்தான் அதன்மேல் போய் நின்றுகொண்டார். தொப்பியும் சேறுமாக, இரண்டு பள்ளத்துக்கு நடுவில், ஒன்றரை அடி மண்ணில்.

அக்கா வெளியே வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பிளம்பருக்குத் தோன்றியது.

"பன்னிரண்டு வருஷம் ஒருத்தர் கிளினிக்ல நின்னுக்கிட்டே இருந்தேன். என் நாற்காலி, என் விளக்குன்னு ஒண்ணு வர இவ்வளவு நாளாச்சு. நாளைக்குக் குழாயில தண்ணி இல்லைன்னா அந்த ஆள் எழுதிட்டுப் போயிடுவார். மறுபடி அவர் வர ஆறு மாசம் ஆகும். உங்களுக்கு மண்ணுதான் முக்கியம்னா சொல்லிடுங்க, பலகையைத் திருப்பிக் கொடுத்துடுறேன்."

அத்தானின் முகம் வாடிவிட்டது. வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் உடைந்த கண்ணாடியை இரு கையிலும் ஏந்தி நின்றார். கண்ணாடி இல்லாமல் கண் தெரியாத பஸ் டிரைவர், ஐந்து மணிக்கு வண்டி எடுக்க வேண்டுமாம். அத்தான் திட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். அரை மணியில் வந்துவிடுவதாகவும் அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி நூலை அறுத்தான்.

மண்வெட்டி இறங்கியதும் மண் பிரிந்து விழுந்தது. பிளம்பர் அடுத்த வெட்டுக்கு ஓங்கியவன், கையைக் கீழே போட்டுவிட்டான். திட்டின் நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு. சுற்றிலும் அவன் அன்று போட்டு மூடிய மண், அதில் வரிசையாகத் தட்டுத் துண்டுகள். கறுப்பு வட்டத்துக்குள் மட்டும் அந்த வரிசை அறுந்துபோய், நீலமும் ரோஜாவும் தலைகீழாகக் கலந்து கிடந்தன. யாரோ பிறகு வந்து, தட்டு அடுக்கை வெட்டிக்கொண்டு ஒரு குழி போட்டிருக்கிறார்கள். குழியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

திறந்தான். உள்ளே ஒரு தாடை.

கையிலிருந்து நழுவவிட இருந்தான். பிறகுதான் சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பது உறைத்தது: பல் டாக்டர்கள் அளவெடுத்து வார்க்கும் அச்சு. கீழ்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறிக் கால்மேல் கால் போட்டிருந்தது. டப்பாவின் மூடியில் ஒரு சீட்டு, எதிர்த்தெரு டாக்டரின் கிளினிக் பெயர், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. எதிர்த்தெரு டாக்டர் என்றால் அக்காவுக்கு ஆகாது. அவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'கொறடு'. அவரிடம் போன நோயாளிகளைப் பற்றி அவள் துக்கம் விசாரிக்கும் தோரணையில்தான் பேசுவாள்.

சீட்டில் நோயாளியின் பெயரும் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டிரைவரை அனுப்பிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து நின்ற அத்தான், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இந்த இனத்தாருக்குக் குழியில் ஒரு தாடை கிடைத்தால் என்ன செய்வார்கள்? துள்ளிக் குதிப்பார்கள், பத்திரிகைக்குப் போன் போடுவார்கள், மூன்று நாள் தூங்க மாட்டார்கள். நம்மவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"மூடு."

"அத்தான்..."

"மெதுவாப் பேசு! அவ உள்ள இருக்கா."

"ஏனத்தான் அந்த ஆள்கிட்ட போனீங்க? வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது?"

அத்தான் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். "கடைவாய்ப் பல் செத்துப்போச்சு. ஊசி போடணும். எனக்கு ஊசின்னா கண்ணுல தண்ணி வந்துடும் மாப்ளே. உங்கக்கா முன்னாடி எப்படி அழறது? அவ மூணு நாள் வெளியூர் போயிருந்தப்ப போய்க் கேப் போட்டுக்கிட்டேன். அந்த மடையன் ஞாபகார்த்தமா இதைக் கையில கொடுத்துட்டான். குப்பையில போட முடியுமா? உங்கக்காவுக்கு முகம் மறந்தாலும் பல் மறக்காது."

"பஸ்ல போட்டுட்டு இறங்கியிருக்கலாமே."

"தோணலையே! மறைக்கணும்னு வந்துட்டா மனுஷனுக்குத் தோண்டத்தான் தோணுது. இல்லைன்னா எங்க துறையே இருக்காது."

பிளம்பர் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காலையில் படித்த பாடம் அவனுக்குள் மெதுவாக வேலை செய்யத் தொடங்கியது.

"அத்தான், இந்தக் குழி தட்டு அடுக்கை வெட்டிக்கிட்டு இறங்குது."

"ம்."

"அப்ப எது பிந்தி?"

அத்தான் தொப்பியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார்.

"குழிதானே? அப்ப குழி வெட்டினவர் தட்டைப் பார்த்திருக்கணுமே!"

"பார்த்தார்" என்றார் அத்தான், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. "ரெண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். தட்டு மாறிடக்கூடாதுன்னு அம்மா நகப்பூச்சுல போட்ட அடையாளம்கூட ஒரு துண்டுல அப்படியே இருந்துச்சு. மண்ணுக்குள்ள இவ்வளவு இருக்குமான்னு அன்னிக்குத்தான் ஆசை வந்தது. அந்தப் பத்து நாள் போனதெல்லாம் அப்புறம்தான்."

பிளம்பருக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. ஆறு வருடமாகத்தான் அத்தான் அந்த நர்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாமல், நின்று, குடும்பத்தையெல்லாம் விசாரித்து, கண்ணாடி துடைக்கத் துணி இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறார். ஏன் இந்தத் திடீர் மாற்றம் என்று வீட்டில் எல்லோரும் குழம்பியதுண்டு. அவனுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அவன் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த இந்தத் தொப்பிக்கார மனிதர் ஆறு வருடமாக அவனையும் அக்காவையும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்.

"தட்டைப் பார்த்துட்டுச் சடங்குன்னு சொன்னீங்களே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? எங்கம்மா கோபக்கார தெய்வம் இல்லையா?"

குழாயைத் துடைத்துப் பார்த்தபோது விரிசலின் வரலாறும் வெளிவந்தது. குழாயின் முதுகில் கடப்பாரை முனை பட்ட பழைய வடு. அதிலிருந்துதான் கோடு ஓடியிருந்தது. தாடையைப் புதைக்கக் குத்திய குத்து, ஆறு வருடமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கிளினிக் திறக்கும் நேரம் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறது. பிளம்பர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு சாண் நீளத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்து, புதுத் துண்டு வைத்து, இரு பக்கமும் பசை தடவி இணைத்து, காய விட்டு, வால்வைத் திறந்தான். சீறல் இல்லை.

"என்னடா கிடைச்சுது?" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா!" என்றான் பிளம்பர். அதே கணம் அத்தானும், "ஒண்ணுமில்லைம்மா!" என்றார்.

இருவரும் சேர்ந்து மூடினார்கள். தட்டுகள் போயின, தாடை போயிற்று, பாட்டில் மூடியும் அதன் எண்ணோடு போயிற்று. முறை, அளவு, சல்லடை எதுவும் இல்லை. நாள் முழுக்கத் தோண்டியதை இருபது நிமிடத்தில் தூர்த்து, மேலே ஏறி மிதித்தார்கள். அத்தான் நோட்டில் அறிக்கை எழுதினார்: 'நான்கு கட்டங்கள். குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை. அகழ்வு முடிந்தது.'

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குழாயைத் திருகினார். முதலில் கொஞ்சம் செம்மண் வந்தது, எல்லோருக்கும் பகீரென்றது. அப்புறம் தெளிந்து கொட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பலகை ஏறியது. அக்கா வெள்ளைக் கோட்டு போட்டு, விளக்கைப் பொருத்தி, தன் நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு திரும்பினாள்.

"முதல் பேஷண்ட் நீங்கதான். வந்து உட்காருங்க, வாயைத் திறங்க."

"கடையில ஆளில்லை" என்று சொல்லிக்கொண்டே அத்தான் போய்விட்டார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அக்கா சிரித்தாள். பிளம்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா முழிக்கிறே? கீழ்வரிசை கடைவாய், இடது பக்கம். கொறடு போட்ட கேப்பு. விளிம்பைப் பார்த்தாலே தெரியும், அந்த ஆளுக்கு ஒழுங்காத் தேய்க்கவே வராது."

பிளம்பர் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குற மனுஷன்டா அவர். ஆறு வருஷமாத் தினமும் பார்க்கிறேன்."

"அப்ப ஏன் கேட்கலை?"

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். விரல் விரலாக இழுத்துவிட்டாள். "கேட்டா, பதிலுக்கு அவரும் ஒண்ணு கேட்பார்ல? விடு."

பாருங்கள், ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும், நடுவில் ஒன்றரை அடி மண். இதைப் படித்துவிட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது கடன் வாங்கினார், சம்பந்தி வீட்டில் என்ன சண்டை, கூட வேலை பார்ப்பவர் ஏன் பழைய இடத்தை விட்டு வந்தார் என்று அடுக்கடுக்காகக் கிளறி, தேதி போட்டு, எண் கொடுத்து, "சந்தேகமே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நமக்கெல்லாம் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். தொப்பி இல்லைதான். சான்றிதழும் இல்லைதான். ஆனால் பேச்சு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் "இது வேண்டாம், வேற பேசுவோம்" என்று நூல் கட்டி அதன்மேல் ஏறி நின்றுகொள்கிறீர்களே, அந்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு அநேகமாகத் தெரியும். தோண்ட வேண்டாம், நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் அங்கே ஒருமுறை வெறுங்காலோடு நின்று, ஈரம் தட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.